பேச்சுத் தேர்வில் மட்டும் 6.5-லேயே நிற்கிறேன், மூன்றாவது முறைக்கு என்ன செய்யலாம்?

குழித்துறைக்காரி · ஜூலை 19, இரவு 11.50

எல்லோருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம், பிஎஸ்சி நர்சிங் முடித்து ஏழு வருடம் ஆகிறது, அதில் ஐந்து வருடம் ஐசியூ. இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். போன மாதம் வந்த இரண்டாவது ரிசல்ட்: லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5. அங்கே உள்ள நர்சிங் கவுன்சில், அதாவது என்எம்சி, ரைட்டிங்குக்கு 6.5 போதும் என்கிறது, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ஆக எனக்குக் குறைவது ஸ்பீக்கிங்கில் அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண் மட்டும்தான். முதல் முறையும் ஸ்பீக்கிங் இதே 6.5.

போன கோச்சிங் சென்டரில் 120 கியூ கார்டுக்கு (ஸ்பீக்கிங்கின் இரண்டாவது பகுதியில் பேசத் தலைப்புத் தரும் அட்டை) பதில் எழுதிய ஒரு ஃபைல் கொடுத்தார்கள். நைட் டியூட்டி முடிந்து வந்து அதை உட்கார்ந்து உருப்போட்டேன். தேர்வன்று வந்த கார்டு, உங்களுக்கு உதவி செய்த ஒருவரைப் பற்றி. ஃபைலில் அது இருந்தது, என் ஆங்கில டீச்சர் எனக்கு உதவியதாக (அப்படி ஒரு டீச்சர் எனக்கு இருந்ததே இல்லை). கடகடவென்று ஒப்பித்தேன். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எக்ஸாமினர் இன்னும் பேசுங்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார், எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கப்புறம் பொதுவான கேள்விகள் வரும் மூன்றாவது பகுதியில், கிராமத்தைவிட நகரத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது குறைவா என்று கேட்டார். "தேர் ஆர் எ ப்ளெதோரா ஆஃப் ரீசன்ஸ்" (ஏராளமான காரணங்கள் இருக்கின்றன) என்று ஆரம்பித்தேன். ஒரு காரணம்கூட வாயில் வரவில்லை.

செப்டம்பர் நடுவில் மறுபடி தேதி எடுத்திருக்கிறேன். வீட்டில் இதுவரை கட்டிய பணத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. என் உச்சரிப்புதான் பிரச்சனையா? மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்கு மாறிவிடலாமா? யாராவது விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கொங்கு வாத்தியார் · ஜூலை 20, காலை 6.15

தங்கச்சி, கோவையில் ஒன்பது வருடமாக இந்தத் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். முதலில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேர் அதைப் படிக்காமலேயே தேர்வுக்குப் போய்விடுகிறார்கள்.

ஸ்பீக்கிங் மொத்தமே 11 முதல் 14 நிமிடம். நான்கு விஷயம் பார்க்கிறார்கள், நான்குக்கும் சம எடை. தங்குதடையின்றிக் கோர்வையாகப் பேசுவது ஒன்று, சொல்வளம் ஒன்று, இலக்கணம் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. இதில் எங்கேயும் "நல்ல கருத்து" என்று ஒரு வரி கிடையாது. நீங்கள் சொல்வது உண்மையா, அறிவாளித்தனமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பேண்டுக்கும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற அட்டவணை பொதுவில் கிடைக்கிறது, அதை எடுத்து 6-க்கும் 7-க்கும் உள்ள இரண்டு கட்டங்களை மட்டும் நான்கைந்து தடவை படியுங்கள்.

6 வாங்குபவர் நீளமாகப் பேசத் தயாராக இருக்கிறார், ஆனால் தயங்கி, சொன்னதையே சொல்லி, அங்கங்கே கோர்வையை விட்டுவிடுகிறார். 7 வாங்குபவரும் தயங்குகிறார், தன்னைத் திருத்திக்கொள்கிறார், ஆனால் கோர்வை அறுவதில்லை. 7-க்குத் தவறே செய்யக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. தவறில்லாத வாக்கியம் அடிக்கடி வர வேண்டும், அவ்வளவுதான், சில தவறுகள் இருந்தே தீரும் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்புறம், என்ன சொல்வது என்று யோசித்து நிற்பது வேறு, தெரிந்த விஷயத்துக்கு ஆங்கிலச் சொல் கிடைக்காமல் நிற்பது வேறு. மேல் பேண்டுகளில் முன்னதை அவர்கள் குறையாகவே எடுப்பதில்லை. எல்லா மொழியிலும் மனிதன் யோசித்துத்தானே பேசுகிறான்.

ஃபைல் விஷயம். ஒப்பிப்பவர்களை எக்ஸாமினர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அதற்கே அவர்களுக்குப் பயிற்சி உண்டு. குரல் ஒரே மட்டத்தில் ஓடும், கண் மேலே போகும், வாக்கியம் எழுத்து நடையில் இருக்கும். ஒப்பித்த பகுதி 8 போலவும் அடுத்த கேள்விக்கு வந்த பதில் 5.5 போலவும் இருந்தால் எதை நம்புவார்? உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். யோசிக்க நேரம் வாங்க நாலைந்து தொடர்களை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

டப்ளின் மழை · ஜூலை 20, மாலை 4.05

நானும் நர்ஸ்தான், திருநெல்வேலி. ஓஇடி எழுதித்தான் அயர்லாந்து வந்தேன், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓஇடி ஸ்பீக்கிங் நம் வேலையை ஒட்டியே இருக்கும். முதலில் கொஞ்சம் பொதுப் பேச்சு, அதற்கு மார்க் இல்லை. அப்புறம் இரண்டு ரோல் ப்ளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், நாம் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளி அல்லது உறவினர். கார்டைப் படிக்க மூன்று நிமிடம் தருவார்கள். எதிரே நடிப்பவர் மார்க் போடுவதில்லை, பதிவைக் கேட்டு வேறொருவர் போடுகிறார். என்எம்சிக்கு ஸ்பீக்கிங்கில் பி கிரேடு, அதாவது 350 வேண்டும்.

ஐசியூ ஆள் என்பதால் உனக்கு இது சுலபம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஆங்கிலத்துக்கு மட்டும் மார்க் என்றால் சுலபம். ஆனால் நோயாளியின் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டாயா, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரித்தாயா, விளக்கத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிப் புரிந்ததா என்று கேட்டாயா, இதற்கெல்லாம் தனி மார்க் உண்டு. நம் ஊர் வார்டில் ஐம்பது பேருக்கு நடுவில் ஓடிக்கொண்டே "ஊசி போடணும், கையை நீட்டுங்க" என்று பழகிய நமக்கு அது தனிப் பயிற்சி. மாதிரித் தேர்வில் நோயாளி "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றதும் நான் நேராக மாத்திரை அளவைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்காகவே மார்க் போனது.

கட்டணமும் கூடுதல். மற்ற மூன்றும் ஐஇஎல்டிஎஸ்ஸில் வந்துவிட்ட நிலையில் மாறாதே என்பதுதான் என் கருத்து. புதிதாக எழுத்துப் பகுதிக்கு ரெஃபரல் கடிதம் (நோயாளியை வேறொருவரின் கவனிப்புக்கு அனுப்பும் கடிதம்) எழுதப் பழக வேண்டும், அதற்கே இரண்டு மாதம் போய்விடும்.

ஆடுதுறை43 · ஜூலை 20, இரவு 9.30

கனடாவுக்காக எழுதினேன், ஸ்பீக்கிங் 8. முதல் முறை எனக்கும் 6.5தான். இடையில் எந்த வகுப்புக்கும் போகவில்லை. என்ன மாறியது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் வாத்தியார் சாரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. யோசிக்க நேரம் வாங்கும் தொடர்கள் என்று சொன்னீர்கள். "தட்ஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்" என்று ஆரம்பிக்காத தமிழன் அந்த அறைக்குள் போவதில்லை. உன் ஊர் பெயர் என்ன என்று கேட்டாலும் இன்ட்ரஸ்டிங் கொஸ்டின். அந்த ஐந்து தொடரை ஞாபகம் வைப்பதே தலைக்குள் ஒரு வேலை. எனக்கு அது பேச்சை நிறுத்தியதே தவிர உதவவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். செல்போனில் குரலைப் பதிவு செய்தேன், தினமும் ஒரு கார்டு, ஒரு நிமிடம் யோசிப்பு, இரண்டு நிமிடம் பேச்சு. பதிவு செய்வது எல்லோரும் சொல்வதுதான். அதைக் கேட்டு, அப்படியே ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதினேன் பாருங்கள், அங்கேதான் கண் திறந்தது. ஆ, ம்ம், மூன்று முறை சொன்ன "சோ", பாதியில் விட்ட வாக்கியம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டு நிமிடப் பேச்சை எழுத அரை மணி நேரம் ஆகும், அலுப்பு தட்டும், ஆனால் பேசும்போது எனக்குத் தெரியாத என் பேச்சு அந்தக் காகிதத்தில் தெரிந்தது. சிவப்புப் பேனாவால் திருத்தி, மறுநாள் அதே கார்டை நோட்டைப் பார்க்காமல் மறுபடி பேசுவேன். மூன்றாவது நாளும் அதேதான். ஒரே கார்டை மூன்று நாள். 120 கார்டு பார்க்கவே இல்லை, மொத்தம் 20தான் பார்த்திருப்பேன்.

இரண்டாவது விஷயம், எல்லாமே என் வாழ்க்கையிலிருந்து. அப்பா வயலுக்கு இன்சூரன்ஸ் வாங்க அலைந்தது, திருச்சியில் முதல் முதலாக விமானம் ஏறியது, பக்கத்து வீட்டுப் பாட்டி செத்தபோது நான் செய்த ஓட்டம். இப்படிப் பத்துச் சம்பவம் போதும். வந்த கார்டு எதுவானாலும் அதில் ஒன்று பொருந்தும். நடந்ததைச் சொல்லும்போது அடுத்து என்ன என்று தேட வேண்டியதில்லை, காட்சி கண்ணில் ஓடும், வாய் பின்னால் போகும். பொய் சொன்னால் ஒரே நேரத்தில் கதையும் கட்ட வேண்டும், ஆங்கிலமும் கட்ட வேண்டும்.

இல்லாத டீச்சரைப் பற்றிப் பேசியதால்தான் உங்களுக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. உங்களுக்கு நிஜமாக உதவி செய்தவர் யார்? அவரைப் பற்றி இன்றைக்கே பேசிப் பதிவு செய்து, எழுதி இங்கே போடுங்கள். திருத்த வேண்டாம்.

கொங்கு வாத்தியார் · ஜூலை 20, இரவு 10.10

ஆடுதுறை தம்பி சொல்லும் முறை சரியானது, நானும் மாணவர்களை எழுதச் சொல்கிறேன், பத்தில் இரண்டு பேர்தான் செய்வார்கள். தொடர்கள் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பயத்தில் வாய் அடைத்துப்போகும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன், அவர்களுக்கு "லெட் மீ திங்க்" என்ற சின்னப் பிடிமானம் தேவைப்படுகிறது. அளவாக, இயல்பாக இருந்தால் தவறில்லை.

குழித்துறைக்காரி · ஜூலை 22, பிற்பகல் 2.20

அண்ணா சொன்னபடி செய்தேன். எழுதி முடித்ததும் அழுகை வந்துவிட்டது, மார்க்குக்காக இல்லை. என் அம்மாச்சியைப் பற்றிப் பேசினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். என் நர்சிங் இரண்டாம் வருட ஃபீஸுக்கு அவர் கழுத்துச் செயினை அடகு வைத்தது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நிமிடம் 50 விநாடி பேசியிருக்கிறேன்! முதல் பாகத்தை அப்படியே போடுகிறேன்:

"மை அம்மாச்சி, ஆ, ஷி இஸ் ஹேவிங் ஸ்மால் டீ ஷாப் நியர் பஸ் ஸ்டாண்ட். டெய்லி மார்னிங் ஷி வில் வேக் அப் ஃபோர் ஓ க்ளாக், சோ, ஷி வில் கோ அண்ட் ஓப்பன் த ஷாப். ஆ, ஐ ஆம் வொர்க்கிங் இன் ஐசியூ சின்ஸ் ஃபைவ் இயர்ஸ். ஒன் டே மை மதர் டோல்ட் தட் அம்மாச்சி ப்ளெட்ஜ்டு ஹர் செயின். தட் டே ஒன்லி ஐ அண்டர்ஸ்டுட்."

சரளமாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். கேட்டால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு "ஆ".

ஆடுதுறை43 · ஜூலை 22, இரவு 8.45

அம்மாச்சி கதையைக் கேட்க எந்த எக்ஸாமினரும் நிமிர்ந்து உட்கார்வார். இப்போது சிவப்புப் பேனா. இதில் உள்ள ஒவ்வொரு தவறும் நம் தமிழிலிருந்து நேராக இறங்கியது, அதனால்தான் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறோம்.

"ஷி வில் வேக் அப்" என்பதைப் பாருங்கள். அம்மாச்சி தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார், கடையைத் திறப்பார் என்று தமிழில் பழைய வழக்கத்தை எதிர்கால வடிவில்தான் சொல்வோம். எங்கள் அப்பா தூக்கிக்கொண்டு போவார், தாத்தா கதை சொல்வார், எல்லாம் அப்படித்தான். அதை "வில்" என்று மாற்றினால் ஆங்கிலக்காரருக்கு அம்மாச்சி நாளைக்கு எழுந்திருக்கப் போகிறார் என்று கேட்கும். "ஷி யூஸ்டு டு கெட் அப் அட் ஃபோர்" என்று ஆரம்பித்து, அதற்கு அடுத்த வாக்கியங்களில் "ஷி வுட் ஓப்பன் த ஷாப்" என்று "வுட்" போட்டுக்கொண்டே போகலாம். இந்த ஒரு பழக்கம் வந்தால் குழந்தைப் பருவம், பழைய ஊர், தாத்தா பாட்டி என்று வரும் அத்தனை கார்டுக்கும் இலக்கண மார்க் ஏறும்.

"தட் டே ஒன்லி" என்பது அன்றைக்குத்தான். நம் "தான்" எங்கே வந்தாலும் "ஒன்லி" போடுகிறோம். "இட் வாஸ் ஒன்லி தென் தட் ஐ அண்டர்ஸ்டுட்" என்று சொல்லிப் பழகுங்கள்.

"ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்பது ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன் என்பதன் அச்சு. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்". இதை முதல் பகுதியில் வேலை பற்றிக் கேட்கும்போதே கட்டாயம் சொல்ல வேண்டி வரும், ஆகையால் உங்கள் தேர்வின் முதல் நிமிடத்திலேயே இந்தத் தவறு விழுந்திருக்கும். "மை அம்மாச்சி, ஷி" என்று எழுவாயை இரண்டு தடவை சொல்ல வேண்டாம். "இஸ் ஹேவிங்" இல்லை, "ஹேட் எ ஸ்மால் டீ ஷாப்". அந்த "எ" நமக்கு விட்டுப்போகும், ஏனென்றால் தமிழில் கட்டாயம் இல்லை.

"டோல்ட்" வந்தால் யாரிடம் என்று சொல்ல வேண்டும், "டோல்ட் மீ".

இதையெல்லாம் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று எடுங்கள். இந்த வாரம் "யூஸ்டு டு" மட்டும், மற்றதை விட்டுவிடுங்கள்.

வடமராட்சி · ஜூலை 23, அதிகாலை 3.10

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் இருக்கிறேன், இங்கே ஒரு மருந்தகத்தில் வேலை. தங்கச்சி கேட்ட உச்சரிப்புக் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தமிழ் ஆள் கதைப்பது போல இருந்தால் மார்க் குறையாது. இங்கே ஸ்கொட்லாந்துக்காரரும் நைஜீரியரும் மலையாளிகளும் ஆளுக்கொரு விதமாகத்தான் கதைக்கிறார்கள். 8-ஆம் பேண்டுக்கே தாய்மொழிச் சாயல் இருக்கலாம், விளங்குவதைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்கிறார்கள். அமெரிக்க உச்சரிப்பைப் போலி செய்பவர்களுக்கு அது நடுவில் கழன்று விழும்.

ஆனால் விளங்குவதைக் கெடுக்கும் இரண்டு மூன்று விஷயம் எங்களிடம் உண்டு. பில் என்று தமிழில் எழுதினால் அது மாத்திரையா கட்டணச் சீட்டா என்று சொல்ல ஏலாது, இரண்டுக்கும் ஒரே ப. ஆங்கிலக்காரர் மாத்திரைக்கு உள்ள ப-வைச் சொல்லும்போது வாயிலிருந்து காற்று வெடித்து வரும், சீட்டுக்கு உள்ள ப-வில் அது வராது. நாங்கள் காற்று விடாமல் மாத்திரை என்று சொன்னாலும் அவர்கள் காதில் சீட்டு என்று விழும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிழவியிடம் "உங்களின்ட மாத்திரை தயார்" என்று சொல்ல, அவ காசுப்பையைத் திறந்து எவ்வளவு என்று கேட்டா. இங்கே மருந்துச் சீட்டுக்கு அறுபது வயதுக்கு மேல் காசு இல்லை, பாவம் பயந்துபோனா. அன்றிரவு முழுக்க உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். இப்படிக் காற்று வெடிக்கும் வகை ப, ட, க (ஆங்கிலத்தில் p, t, k) மூன்றுக்கும், சொல்லின் முதலில் வரும்போது, கையில் காற்றுப் பட வேண்டும்.

மற்றது அழுத்தம். நாங்கள் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லுவோம், தமிழுக்கு அது அழகு. ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கி நிற்கும், மிச்சம் அமுங்கும். "ஹொட்டேல்" என்றால் பின்னால் அழுத்தம், "ஹொஸ்பிட்டல்" என்றால் முன்னால். "டிவெலப்மென்ற்" என்பதில் "வெ" மட்டும் எழும்பும். "கம்ஃபர்டபிள்" நாலு அசை இல்லை, கம்ஃப்-ட-பிள் என்று மூன்றுதான். நீங்கள் அடிக்கடி பாவிக்கிற முப்பது சொல்லை எடுத்து அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு அழுத்தக் குறி போட்டு வையுங்கள்.

கடைசியாக, "எல்டர்லி" என்பதை "யெல்டர்லி" என்றும் "ஒன்லி" என்பதை "வொன்லி" என்றும் சொல்லுகிறோமா என்று பதிவில் கேட்டுப் பாருங்கள். பெட்டு, புக்கு என்று கடைசியில் உகரம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும், எனக்கும் இருந்தது.

மலைக்கோட்டை மாணவன் · ஜூலை 25, மாலை 6.00

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு முதல் பகுதியிலேயே பயம். வீடு, படிப்பு, சாப்பாடு என்று கேட்பார்களே, அதற்கு எவ்வளவு நீளம் பேச வேண்டும்? கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாமா?

கொங்கு வாத்தியார் · ஜூலை 25, இரவு 7.30

தம்பி, இரண்டு மூன்று வாக்கியம். ஆம், இல்லை என்று முடிக்க வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். பதில், அதற்கு ஒரு காரணம், முடிந்தால் ஒரு சின்ன உதாரணம். அந்தப் பகுதிக்கு நான்கு முதல் ஐந்து நிமிடம்தான், பல கேள்வி வரும். திருப்பிக் கேட்டால் மார்க் குறையாது, தாராளமாகக் கேளுங்கள். முதல் பகுதியில் கேள்வியை மறுபடி வாசிப்பார், பெரிதாக விளக்க மாட்டார். மூன்றாவது பகுதியில் வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்கச் சொல்லலாம். இரண்டாவது பகுதியில் நடுவில் நிறுத்தினால் பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்று அர்த்தம், அது நல்லதுதான்.

குழித்துறைக்காரி · ஆகஸ்ட் 18, காலை 9.40

ஒரு மாதம் ஆகிவிட்டது. என்ன நடக்கிறது என்று சொல்லலாம் என்று வந்தேன்.

வார்டில் என்னைப் போலவே படிக்கும் இரண்டு பேரைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் குழு வைத்தோம். விதி ஒன்றே ஒன்று: எழுத்தில் எதுவும் போடக் கூடாது, குரல் மட்டும். காலை எட்டு மணிக்கு டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒருவர் கேள்வி கேட்டு அனுப்புவார், மற்ற இருவரும் யோசிக்காமல் உடனே பதில் அனுப்ப வேண்டும், அழித்துத் திருப்பிப் பதிவு செய்யக் கூடாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் முதல் வாரம் இருந்தது. அந்தக் கூச்சம் போனதுமே பாதி பயம் போய்விட்டது.

"யூஸ்டு டு" இப்போது தானாக வருகிறது. "சின்ஸ்" இன்னும் சறுக்குகிறது. உள்ளங்கைப் பயிற்சி செய்கிறேன், வீட்டில் அம்மா என்னவோ ஏதோ என்று பார்க்கிறார்.

மூன்றாவது பகுதிதான் இன்னும் கஷ்டம். "ஏன் இப்போதெல்லாம் மக்கள் இப்படி" என்று பொதுவாகக் கேட்டால் எனக்கு என் வீடு மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

ஆடுதுறை43 · ஆகஸ்ட் 18, இரவு 10.20

வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். அம்மாச்சி காலத்தில் செயினை அடகு வைத்து உதவினார்கள், இப்போது வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது, அதனால் சொந்தக்காரரிடம் கேட்கும் தேவை குறைந்துவிட்டது, நகரத்தில் இன்னும் குறைவு. பார்த்தீர்களா, அம்மாச்சியிலிருந்து நகரத்துக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு எப்படி, இன்றைக்கு எப்படி, ஏன் மாறியது, இனி எப்படிப் போகும். இந்த நாலு படியில் எந்தக் கேள்விக்கும் முக்கால் நிமிடம் பேசலாம். எது சரி என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். இதைத் தமிழில் ஒரு தடவை சத்தமாகப் பேசிவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் பேசினால் எனக்கு எளிதாக இருந்தது. தமிழில் யோசிக்கவே கூடாது என்பார்கள், நான் அதை ஏற்கவில்லை. கருத்து எந்த மொழியில் பிறந்தாலும் சரி, வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் இருந்தால் போதும்.

குழித்துறைக்காரி · செப்டம்பர் 14, மாலை 5.30

இன்று முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாஸ்போர்ட் சரிபார்த்து, கைரேகை எடுத்து, ஒரு சின்ன அறை. மேசை மேல் பதிவுக் கருவி. எக்ஸாமினர் ஒரு பெண்மணி. முதலில் வேலை பற்றிக் கேட்டார். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்று வந்ததும் உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். கார்டு, உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய பொருள். பழைய பொருள் என்று நான் எதையும் பழகவில்லை. பென்சிலை எடுத்து அந்த ஒரு நிமிடத்தில் நான்கே வார்த்தை எழுதினேன்: செயின், அடகு, மூன்று வருடம், கழுத்து. மீட்டுக்கொண்டு வந்த பிறகு அம்மாச்சி அந்தச் செயினை ஒரு நாள் என் கழுத்தில் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். அடகு என்பதற்கு "ப்ளெட்ஜ்" என்ற சொல் அந்த நேரத்தில் வரவில்லை, கடைக்காரரிடம் நகையைக் கொடுத்துப் பணம் வாங்கி, பணத்தைத் திருப்பிக் கட்டினால் நகை திரும்பக் கிடைக்கும் என்று விளக்கிவிட்டேன். இரண்டு நிமிடம் ஆனதும் அவர்தான் நிறுத்தினார். மூன்றாவது பகுதியில் ஒரு கேள்வி புரியவில்லை, மாற்றிக் கேட்கச் சொன்னேன், கேட்டார்.

இரண்டு இடத்தில் "ஷி வில்" என்று வந்தது, ஒன்றைத் திருத்தினேன், ஒன்றை விட்டுவிட்டேன்.

கொங்கு வாத்தியார் · செப்டம்பர் 14, மாலை 6.50

சொல் கிடைக்காதபோது சுற்றிச் சொன்னீர்களே, அதற்கு சொல்வளத்தில் தனி மதிப்பு உண்டு. நிம்மதியாகத் தூங்குங்கள்.

குழித்துறைக்காரி · செப்டம்பர் 19, காலை 11.15

ரிசல்ட் வந்துவிட்டது. லிசனிங் 8, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7!! ஆனால் ரைட்டிங் 6. ஸ்பீக்கிங்குக்காக இரண்டு மாதம் ரைட்டிங்கைத் தொடவே இல்லை, அதன் பலன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. மறுபடியும் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

டப்ளின் மழை · செப்டம்பர் 19, பகல் 12.40

பணம் கட்டாதே, இரு. என்எம்சி இரண்டு தேர்வின் மார்க்கைச் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. 2023 தொடக்கத்திலிருந்து இரண்டுக்கும் இடையில் 12 மாதம் வரை இருக்கலாம், முன்பு ஆறு மாதம்தான். நிபந்தனை என்னவென்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எல்லாப் பகுதியிலும் தேவையான மார்க் இருக்க வேண்டும், தனித்தனியே பார்த்தால் எதுவும் அரை பேண்டுக்கு மேல் குறையக் கூடாது. அதாவது ஸ்பீக்கிங், லிசனிங், ரீடிங் 6.5-க்குக் கீழே போகக் கூடாது, ரைட்டிங் 6-க்குக் கீழே போகக் கூடாது.

உன் ஜூன் மாத ரிசல்ட்டை எடு. ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5. இப்போது ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 7. மற்ற இரண்டும் இரண்டு தடவையும் 7-க்குக் குறையவில்லை. கணக்கு சரியாக வருகிறது. என்எம்சி தளத்தில் அந்தப் பக்கத்தை நீயும் ஒருமுறை படித்துவிட்டு, இரண்டு ரிசல்ட் ஷீட்டையும் சேர்த்து விண்ணப்பி.

குழித்துறைக்காரி · செப்டம்பர் 19, பகல் 1.05

அக்கா, படித்துப் பார்த்தேன். நான்கு தடவை படித்தேன். அம்மாவையும் கூப்பிட்டுப் படிக்க வைத்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஜூன் ஷீட்டைக் கோபத்தில் கிழிக்கப் பார்த்தேன், அம்மா வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார். இதோ எடுத்துக்கொண்டு ஸ்கேன் போடப் போகிறேன்.